வவுச்சர் எண் 41

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. குடியாத்தம், தரணம்பேட்டை.
முனிரத்தினத்தின் சைக்கிள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
தறியில் பிசகிப்போன லுங்கி ஒன்றைத் தரையில் விரித்து
முப்பத்தொரு டப்பாக்களையும் கவிழ்க்கிறோம்.

விழும் சத்தத்திலேயே கடையைச் சொல்லிவிடுவார் இம்தியாஸ் பாய்.
இது டீக்கடை, ஐந்து ஐந்தாகக் கொட்டும்.
இது மருந்துக்கடை, மீதிச் சில்லறை, ஒன்றும் இரண்டும்.
சித்தூர் கேட் பிரியாணிக் கடையின் பத்து ரூபாய்த் தாள்கள்
ஒன்றோடொன்று எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
தீப்பெட்டி ஆபீஸ் டப்பாவை மட்டும் தள்ளி வைப்போம்:
தாளெல்லாம் மருந்துத் தூள்,
பாய் பீடியை அணைத்துவிட்டுத்தான் தொடுவார்.

நான் நோட்டு எழுதுகிறவள்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் உதவி.
வலப்பக்கம்தான் எப்போதும் முதலில் தீரும்.

போன மாதம்
நெல்லூர்பேட்டைத் தறிக்காரர் டயாலிசிஸுக்குப் போய்வர
வேலூர் பஸ் செலவு, எட்டு நடை.
ஒரு பெண்ணுக்கு நர்சிங் விண்ணப்பக் கட்டணம்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உடலைக் கொண்டுவந்த வண்டிக்குப் பாதி வாடகை.
மறு பாதியை வேண்டாமென்றார் டிரைவர்.
அதை வரவில் எழுதலாமா கூடாதா என்று
அரைமணி நேரம் சண்டை போட்டோம், டீ ஆறியது.

இந்த மாதம் பதினேழாம் எண்.
பழைய பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை.
கோட்டீஸ்வரி கையில் எடுத்ததும் திருப்பிப் பார்த்தாள்.
அடித்தகரத்தை அறுத்து, எடுத்து,
மறுபடி டேப் போட்டு ஒட்டியிருந்தது.
நாங்கள் ஒட்டுவதைவிட நேராக.

உள்ளே காசோடு ஒரு மாத்திரைக் கவர். அதன்மேல் பேனாவில்:
'200 எடுத்தேன். மீதி அப்படியே இருக்கு. எண்ணிப் பாருங்க.'

எண்ணினோம். ஆயிரத்து நூற்று நாற்பது.
அப்படியே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?
ஆனாலும் இரண்டு முறை எண்ணினோம்.

கேமரா வைக்கச் சொல்லலாம் என்றார் முனிரத்தினம்.
திருடியவன் கணக்குச் சொல்வானா என்றார் பாய்.
விண்ணப்பம் எங்கே, ரேஷன் கார்டு நகல் எங்கே,
இரண்டு உறுப்பினர் சிபாரிசு எங்கே?
விதி விதிதான். எழுதியதே நான்தான்.

வீடு பார்த்துவர கோட்டீஸ்வரிதான் போவாள்.
அவள் அப்போது ஒன்று சொன்னாள்.
கொண்டசமுத்திரத்தில் ஒரு வீடு,
இவள் வருவது தெரிந்து டிவிமேல் புடவை போர்த்தியிருந்தார்கள்.
அணைக்க மறந்துவிட்டார்கள்.
கேள்வியெல்லாம் கேட்டு முடிக்கும்வரை
புடவைக்குள் யாரோ செய்தி வாசித்துக்கொண்டே இருந்தார்களாம்.
எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

என் பெயரும் இந்த நோட்டில் உண்டு,
ஒன்பது வருடத்துக்கு முந்தைய வலப்பக்கம் ஒன்றில்.
கல்லூரிக் கட்டணம், ஆறாயிரம்.
கதவு அகலத்துக்கு அட்டையில் செய்த காசோலை,
நான் ஒரு முனை, தலைவர் மறு முனை.
இன்னும் கொஞ்சம் சிரிம்மா என்றார் போட்டோக்காரர்.
சிரித்தேன். அந்தப் படம் இதே கடையில்
டியூப்கள் தொங்கும் ஆணிக்குப் பின்னால் இருக்கிறது.

டப்பாவின் மேல் நாங்களே அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்
'தேவைப்படுவோர்க்கு' என்று.
வாசிக்கத் தெரிந்த யாரோ வாசித்திருக்கிறார்.

ராணிப்பேட்டை ஆடிட்டர் வவுச்சர் இல்லாமல் விடமாட்டார்.
மாத்திரைக் கவரைப் பசை தடவி நோட்டில் ஒட்டினேன்.
எண் 41. தொகை இருநூறு.
பெயர் என்ற இடம் காலி. காரணம் என்ற இடம் காலி.
யாரும் தடுக்கவில்லை. பாய் மட்டும்
கவரில் மாத்திரைப் பெயர் இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இல்லை.

டேப் தீர்ந்துபோயிருந்தது.
முனிரத்தினம் பதினேழின் அடியில் சொல்யூஷன் தடவி
பஞ்சர் ரப்பர் ஒன்றை வைத்தார்.
'நிக்குமாண்ணா?'
'பார்க்கலாம்' என்றார்,
ரொம்ப அழுத்தாமல்.